போட் மெயில் ஏன் சாயங்காலமே கிளம்புகிறது?

தேவிபட்டினத்துக்கு ரயில் கிடையாது. பக்கத்து ஸ்டேஷன் ராமநாதபுரம், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 15 கி.மீ. போகவேண்டும். ஆனாலும் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி விடியற்காலையில் கூடுகிற கூட்டத்தில் ஒரு பகுதி, முந்தின நாள் சாயங்காலம் சென்னையில் ரயில் ஏறியவர்கள்தான். பொழுது விடிவதற்கு முன்பு ராமநாதபுரத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, பஸ் பிடித்து, சூரியன் எழும்பும் நேரத்துக்குத் தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். ராமேஸ்வரம் வரை போகிறவர்களுக்கும் அதே சௌகரியம். அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனம், அக்னி தீர்த்தக் குளியல் எல்லாம் ரயில் வருகிற நேரத்தோடு பொருந்திப் போகின்றன.

இதைப் பார்க்கிற யாருக்கும், யாத்ரீகர்களை நினைத்துத்தான் ரயில்வேக்காரர்கள் இந்த நேரத்தை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மை அதுவல்ல. சென்னையிலிருந்து சாயங்காலம் கிளம்புகிற இந்த வழக்கம் வேறொரு காரணத்துக்காக வந்தது. அந்தக் காரணம் கடலில் மூழ்கிப்போய் அறுபது வருடம் ஆகிவிட்டது. வழக்கம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன கணக்கு. தூரத்து ரயில் ஏன் பெரும்பாலும் ராத்திரியில் ஓடுகிறது? வணிகவியல் படிக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே வாய்ப்புச் செலவு என்று ஒன்றைப் படிப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்பு அது. பகலில் 10 மணி நேரம் ரயிலில் உட்கார்ந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு, கடையை மூடினால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. போய்ச் சேருகிற ஊரில் ராத்திரி தங்க லாட்ஜ் வாடகை வேறு. ராத்திரி ரயிலில் போனால் இந்த மூன்றும் மிச்சம், எப்படியும் தூங்கத்தான் போகிறோம். பயணி டிக்கெட்டுக்குக் கொடுக்கிற பணம் ஒன்றுதான், ஆனால் பயணத்தின் உண்மையான விலை ராத்திரியில் குறைவு.

ரயில்வேக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு தொடர் ரயிலின் பெட்டிகளை மொத்தமாக 'ரேக்' என்பார்கள். தூரத்து ரயில் ஒன்று ஓடி முடித்து அதன் சொந்த ஊருக்குத் திரும்பியதும் பிட் லைனில் நிறுத்தி, அடியில் இறங்கி பிரேக், சக்கரம் எல்லாம் பார்த்து, கழுவி, தண்ணீர் ஏற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம் வேண்டும். காலையில் வந்து சேர்ந்து பகல் முழுக்க இந்த வேலை முடித்து சாயங்காலம் திரும்பக் கிளம்புவது இதற்குத் தோதானது. இந்த மாதிரி இரண்டு ரேக் இருந்தால் இரண்டு பக்கமும் தினசரி ரயில் ஓட்டிவிடலாம். ஒரு பெட்டியின் விலை கோடிக்கணக்கில் இருக்கும்போது அது சும்மா நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தானே.

தூரம் குறைந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். 1977 ஆகஸ்ட் 15ஆம் தேதி மதுரைக்கும் சென்னைக்கும் இடையில் வைகை எக்ஸ்பிரஸ் விட்டார்கள். மீட்டர் கேஜ் பாதையில் ஏறத்தாழ 7 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. காலையில் மதுரையில் ஏறினால் மத்தியானம் சென்னை. பகலிலேயே போய்விடக்கூடிய தூரம் என்பதால் அது பகல் ரயிலாகவே வெற்றி பெற்றது. ராமேஸ்வரம் அப்படியல்ல. மதுரையிலிருந்தே இன்னும் 160 கி.மீ. தள்ளி இருக்கிறது. பழைய மெயின் லைனில் மாயவரம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போனால் சென்னையிலிருந்து 650 கி.மீ.க்கு மேல். அதற்கு ராத்திரிதான் சரி.

ஆனால் இது இன்றைய கணக்கு. நூறு வருடத்துக்கு முன்னால் இதே சென்னையிலிருந்து இந்தக் கடற்கரைக்கு வர ஒரு ராத்திரி போதாது, மறுநாள் பகலில் பாதியும் வேண்டும். ராமநாதபுரத்தைத் தாண்டும்போது வெயில் ஏறியிருக்கும். அப்போதும் ரயில் சாயங்காலம்தான் கிளம்பியது. ஏன்?

ஏனென்றால் அது ராமநாதபுரத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ விட்ட ரயிலே இல்லை. கொழும்புக்கு விட்ட ரயில்.

இந்தக் கதை தூத்துக்குடியில் தொடங்குகிறது. 1876ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மதராஸிலிருந்து சாயங்காலம் கிளம்பி ராத்திரி முழுக்க ஓடி, மறுநாள் தூத்துக்குடி சேர்ந்து, அங்கே கப்பல் ஏறினால் அடுத்த நாள் காலை கொழும்பு. கப்பலைப் பிடிக்கப் போகிற தபால் ரயில் என்பதால் 'போட் மெயில்' என்ற பெயர் வந்தது. தூத்துக்குடியில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் சில மைல் தள்ளி நிற்கும். பயணிகளைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்கவேண்டும். இருட்டுவதற்குள் இது முடியவேண்டும் என்பதும் டைம்டேபிளுக்குள் அடக்கம்.

பெயரில் உள்ள 'மெயில்' என்ற சொல்லை இன்று யாரும் யோசிப்பதில்லை. மெயில் என்றால் வேகமான ரயில், எக்ஸ்பிரஸ் மாதிரி இன்னொன்று, அவ்வளவுதான். அன்றைக்கு அது தபால் மூட்டை. பகல் முழுக்க ஆபீஸ்களிலும் கடைகளிலும் எழுதிய கடிதங்கள் சாயங்காலம் தபாலாபீஸில் வந்து சேரும். அதைக் கட்டி ரயிலில் ஏற்றினால், ஓடுகிற ரயிலிலேயே ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊழியர்கள் ஊர்வாரியாகப் பிரிப்பார்கள். இந்தியாவில் இந்த முறை 1863ல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஆரம்பித்தது. பின்னாளில் ஆர்.எம்.எஸ். என்று நாடு முழுக்கத் தெரிந்த துறை இதிலிருந்து வளர்ந்ததுதான். பயணியாவது முணுமுணுத்துக்கொண்டே எந்த நேரத்துக்கும் வந்துவிடுவான். தபாலுக்குத்தான் சாயங்காலம் கட்டாயம். நம் ஊர் மெயில் ரயில்கள் பலவும் விளக்கு வைக்கிற நேரத்தை ஒட்டிக் கிளம்புவதற்கு இந்தத் தபால் மூட்டையும் ஒரு பழைய காரணம்.

சரி, சாயங்காலம் என்றால் யாருடைய சாயங்காலம்? இதுவும் அன்று சிக்கலாகத்தான் இருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்வேக்கள் மதராஸ் நேரத்தைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டன. மதராஸ் இரண்டுக்கும் நடுவில் இருந்ததும், நுங்கம்பாக்கம் வானிலைக் கூடத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துத் துல்லியமாக நேரம் கணித்ததும் அதற்கு வசதியாக அமைந்தன. லாகூரில் ரயில் ஏறுகிறவர்கூட மதராஸ் கடிகாரத்தைப் பார்த்து ஏறிய காலம் அது! 1906 ஜனவரி 1ஆம் தேதி இந்தியப் பொது நேரம் வந்தபோது மதராஸ் கடிகாரம் சுமார் 9 நிமிடம் முன்னே நகர்ந்தது. அதே நாளில் இலங்கையும் அதே ஐந்தரை மணி நேரக் கணக்குக்கு மாறியது. இரண்டு நாட்டு ரயிலையும் நடுவில் ஒரு கப்பலையும் ஒரே டைம்டேபிளில் கோக்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி ஒன்று குறைந்தது.

அதே 1906ல்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடி - கொழும்பு மார்க்கத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குப் போட்டி. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள், பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தக் கட்டணப் போரைப் பற்றிப் படிக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த வியாபாரத்தின் ஒரு முனை ரயில் நிலையத்தில் இருந்தது. ரயிலிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்துக்கு எந்தக் கப்பல் தயாராக நிற்கிறதோ, அதற்குத்தான் டிக்கெட் விற்கும். டைம்டேபிள் என்பது வெறும் தகவல் பட்டியல் இல்லை, அதுவும் ஒரு சொத்து. 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911ல் கம்பெனி முடிந்தது. அடுத்த மூன்று வருடத்தில் அந்த மார்க்கத்தின் பழைய முக்கியத்துவமே போய்விட்டது.

1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 2 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளம், 145 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் பாலம். இலங்கை வரைக்கும் ரயில் பாலம் போடுவதைப் பற்றிக்கூட முன்னால் பேசியிருக்கிறார்கள். செலவை நினைத்து அதை விட்டுவிட்டு, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு ரயில் என்று முடிவாயிற்று. கடல் தூரம் 22 மைல், கி.மீ. கணக்கில் 35. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஓடின. (பெயர் வைப்பதில் அன்றும் இன்றும் பெரிய வித்தியாசமில்லை.)

போட் மெயில் தூத்துக்குடியை விட்டுவிட்டு தனுஷ்கோடிக்குத் திரும்பியது. இதன் நேரத்தைப் புரிந்துகொள்ள டைம்டேபிளைக் கடைசியிலிருந்து படிக்கவேண்டும். கொழும்பு கோட்டை நிலையத்துக்குக் காலையில் போய்ச் சேரவேண்டும், அப்போதுதான் அன்றைக்கே ஆபீஸ், துறைமுகம், தபால் எல்லாவற்றுக்கும் பயன்படும். அப்படியானால் தலைமன்னாரில் இரவில் ரயில் கிளம்பவேண்டும். அதைப் பிடிக்கக் கப்பல் பொழுது சாய்கிற நேரத்துக்கு அக்கரை சேரவேண்டும். கடலில் இரண்டு இரண்டரை மணி நேரம், அதற்கு முன்னால் சுங்கம், மருத்துவப் பரிசோதனை, மூட்டை ஏற்றுதல். ஆக தனுஷ்கோடிக்கு ரயில் பிற்பகலில் வந்து நிற்கவேண்டும். அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போனால் மதராஸ் எழும்பூரில் முந்தின நாள் சாயங்காலம் வந்து நிற்கும். எழும்பூர்க்காரர்களின் சாயங்காலம் ஒரு பக்கம், கொழும்புக்காரர்களின் காலை ஒரு பக்கம். இந்த இரண்டையும் இழுத்துக் கட்டிய கயிற்றில், நடுவில் உள்ள ஊர்கள் எல்லாம் எங்கே வருகிறதோ அங்கே தொங்கின.

தூத்துக்குடி வழியோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் ஏறத்தாழ இரண்டு ராத்திரி என்பது மாறவில்லை. கடலில் கழிந்த ஒரு ராத்திரி ரயிலுக்கு மாறியது, அவ்வளவுதான். ஆனால் கப்பலில் வாந்தி எடுத்தவர்களுக்கு அது பெரிய லாபம்.

உலகத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. லண்டனிலிருந்து ஹோலிஹெட் துறைமுகத்துக்கு 1848ல் ஓட ஆரம்பித்த ஐரிஷ் மெயில். அங்கும் ரயில், கப்பல், மறுபடி ரயில். அங்கும் தபால்தான் எஜமான். வேல்ஸ் நாட்டுக் கடற்கரைக் கிராமங்கள் அந்த ரயிலைப் பார்த்ததும் தேவிபட்டினத்துக்காரர்கள் போட் மெயிலைப் பார்த்ததும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். நம் பக்கத்தில் ஓடுகிறது, நமக்காக ஓடவில்லை.

இதற்குப் பாம்பனைவிட நல்ல சாட்சி கிடையாது. பாலத்தைத் தாண்டியதும் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தனுஷ்கோடிக்கு, மற்றொன்று ராமேஸ்வரத்துக்கு. நூற்றாண்டுகளாக நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வந்த கோயில் ஊருக்குக் கிளைப் பாதை. கப்பல் துறைக்கு முக்கியப் பாதை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடந்த ஒன்றை அப்துல் கலாம் தம்முடைய 'அக்னிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்கிறார். போர்க்கால நடவடிக்கையாக ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பது ரத்து செய்யப்பட்டது. மதராஸிலிருந்து வரும் செய்தித்தாள் கட்டுகளை, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடுகிற ரயிலிலிருந்தே வெளியே வீசினார்கள். ஏஜென்டாக இருந்த உறவினருக்கு அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் பிற்காலத்து ஜனாதிபதி. அவருடைய முதல் சம்பாத்தியமே ஒரு ரயில் நிற்காமல் போனதால் வந்தது என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஊர் முழுக்க அன்றன்றைய உலகச் செய்தி தெரிந்துகொள்வது அந்த ஒரு ரயிலின் நேரத்தைப் பொறுத்திருந்தது என்பதும் இதில் தெரிகிறது.

டைம்டேபிளில் அச்சான நேரம் எல்லோருக்கும் பொருந்தவும் இல்லை. மதராஸில் முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தவர் மூன்றாம் நாள் காலை கொழும்பில் காபி குடிக்கலாம். அதே கப்பலுக்குப் போகிற தோட்டத் தொழிலாளிக்குக் கணக்கு வேறு. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் மூலம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். அங்கே இலங்கை அரசு நடத்திய முகாமில் காலரா, அம்மை, பிளேக் இல்லை என்று உறுதியாகும்வரை பல நாட்கள் அடைத்து வைப்பார்கள். பிறகுதான் கப்பல். அவர்களுடைய பயணத்தை மணிக் கணக்கில் சொல்ல முடியாது, நாள் கணக்கில்தான். போட் மெயிலின் வேகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் மண்டபம் முகாமைச் சேர்த்துப் பேசுவதில்லை. தனுஷ்கோடி வழியாகக் கடல் கடந்தவர்களில் பெருங்கூட்டம் அவர்கள்தான். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது.

அவர்கள் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்த கதையும் இதே பாதையில்தான். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளவேண்டும். அவர்கள் வரவேண்டிய வழி தலைமன்னார் - தனுஷ்கோடி. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட முடியவில்லை, அந்த வழியே இல்லாமல் போய்விட்டது.

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் எண் பாசஞ்சர் 11.55 மணிக்குக் கிளம்பியது. புயல் வீசிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விசில் ஊதிக்கொண்டே டிரைவர் வண்டியை நகர்த்தினார் என்று சொல்கிறார்கள். பேரலை ஒன்று வந்து வண்டியை அப்படியே கொண்டுபோனது. அதில் இருந்தவர்கள் 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் கூடுதலாகவே இருக்கும் என்றும் சொல்வதுண்டு. ரயில் நிலையம், கப்பல் துறை, தபாலாபீஸ், சுங்கச் சாவடி, வீடுகள் எல்லாம் போயின. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்தன. பொறியாளர் இ.ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாட்களில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார்கள். தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவே இல்லை.

அதற்குப் பிறகு கிளைப் பாதையாக இருந்த ராமேஸ்வரமே கடைசி ஸ்டேஷன் ஆனது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' என்ற கப்பல் ஓடியது. ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் இதில்தான் வந்து இறங்கினார்கள். தாத்தாவை அடைத்து வைத்த அதே மண்டபம் முகாமில் பேரன் பதிவு செய்துகொண்டு, நீலகிரிக்கோ வேறு எங்கோ ரயில் ஏறினான். பிறந்த ஊரிலிருந்து கிளம்பும் ரயில்தான் பலருக்கும் நினைவிருக்கும். இவர்களுக்கு ராமேஸ்வரம் மேடையில் சாயங்காலம் நின்ற வண்டி, பார்த்தே இராத சொந்த நாட்டின் முதல் வண்டி.

1984ல் இலங்கை நிலவரத்தால் கப்பலும் நின்றது. இப்போது போட் மெயிலில் போட்டும் இல்லை. கொழும்புக் காலை என்ற முனை அறுந்துவிட்ட பிறகு, ரயிலின் நேரத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஏன் என்பதற்கு விடை முன்னால் பார்த்த வாய்ப்புச் செலவுக் கணக்கில் இருக்கிறது. எழும்பூர் முனை அப்படியே இருந்தது. ஆபீஸ் முடித்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவருக்கு சாயங்காலம்தான் வசதி. மாறியது வந்து சேருகிற நேரம்தான். நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது, மீட்டர் கேஜ் போய் அகல ரயில் பாதை வந்தது. பாம்பன் பாலத்தில் அகலப் பாதை 2007 ஆகஸ்டில் திறந்தது. கிளம்பும் நேரம் நகராமல் இருக்க, சேரும் நேரம் மட்டும் பிற்பகலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்து காலையில் நின்றது. அமாவாசைக் கூட்டத்துக்கு அடித்த யோகம் இப்படி வந்ததுதான். யாரும் திட்டம் போட்டுக் கொடுத்ததில்லை.

கிடைத்த யோகத்திலும் ஓட்டைகள் உண்டு. மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை ஒற்றைப் பாதை. எதிரில் ஒரு வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டும். பெரிய தூரத்து ரயில்களுக்கான நேரத்தை முதலில் கோடு போட்டுவிட்டு, மிச்சமுள்ள இடைவெளிகளில்தான் மதுரை பாசஞ்சர் போன்ற உள்ளூர் வண்டிகளைச் செருகுவார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிறவர்கள் நம்பியிருப்பது அந்த உள்ளூர் வண்டிகளைத்தான். சென்னைக்குப் போகிறவர் வருடத்தில் இரண்டு தடவை போவார், இவர்கள் வாரத்தில் இரண்டு தடவை. வருமானம் எதில் அதிகம் என்று கேட்டால் தூரத்து ரயிலைத்தான் கை காட்டுவார்கள். வருமானக் கணக்கில் அது சரிதான், தேவைக் கணக்கில் சரியா என்பது வேறு.

பாலமும் தன் பங்குக்கு நேரத்தைத் தீர்மானித்தது. காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயில் பாலத்தில் ஏறக்கூடாது. பழைய பாலத்தில் நடைவேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் போகமுடியும். கப்பலுக்காகத் தூக்கவேண்டும் என்றால் ஆட்கள் கையால் சுழற்றித் தூக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். இத்தனையும் சேர்ந்துதான் அந்தக் கடைசி 50 கி.மீ.க்கு டைம்டேபிளில் தாராளமாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாலத்தில் ரயில் போவது நின்றது. அதன் பிறகு இரண்டேகால் வருடம் வண்டிகள் ராமநாதபுரத்தோடும் மண்டபத்தோடும் முடிந்தன. தேவிபட்டினம் வருகிறவர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ராமேஸ்வரம் போகிறவர்கள் மூட்டையோடு இறங்கி பஸ் தேடினார்கள்.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி, ராமநவமி அன்று, புதிய பாலத்தைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. முக்கால் மணி நேர வேலை இப்போது ஐந்து நிமிடச் சொச்சத்தில் முடிகிறது. அன்றே ராமேஸ்வரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக ஒரு புதிய ரயிலும் விட்டார்கள். அதற்கு வைத்த நேரத்தைப் பாருங்கள். தாம்பரத்தில் சாயங்காலம் ஆறு மணியை ஒட்டிக் கிளம்பி, ராமேஸ்வரத்துக்கு விடியற்காலை ஆறுக்குள். வழி புதிது, பாலம் புதிது, நேரம் மட்டும் பழைய போட் மெயிலுடையது. திரும்பும்போது ராமேஸ்வரத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு ஏறினால் தாம்பரத்தில் நாலு மணிக்குள் இறக்கிவிடுகிறது, அதிகாலை நாலு. ஆட்டோக்காரர் சொல்கிற விலைதான் அந்த நேரத்தில் விலை.

அக்கரையில் போரில் அழிந்த தலைமன்னார் பாதையை 2015 மார்ச்சில் திரும்பத் திறந்தார்கள். கொழும்பிலிருந்து ரயில் மறுபடியும் தலைமன்னார் வரை வருகிறது. இக்கரையில் போட் மெயில் ராமேஸ்வரத்தில் வந்து நிற்கிறது. ரிசர்வேஷன் பட்டியலில் அதன் பெயர் சென்னை எழும்பூர் - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ். ஆனால் மெயின் லைன் ஊர்களில் ஏழு மணி வாக்கில் எழும்பூரை விட்டுக் கிளம்பி வரும் அந்த வண்டிக்குக் காத்திருக்கிற வயதானவர்களிடம் எந்த வண்டி என்று கேட்டால், போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.